ஐந்தாம் பாகத்தில் வளர்ந்துவிட்ட பிள்ளை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்… இரண்டாம் பாகத்தில் செத்து, சுவரில் மாலையோடு தொங்கிய கதாநாயகனின் மாமா, நான்காம் பாகத்தில் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றினார். இதை முதலில் கண்டுபிடித்தவன் அடியேன். அப்போது ஏழாம் வகுப்பு, பி பிரிவு.

படத்தின் பெயர் வேண்டாம், ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள். இடது கன்னத்துத் தழும்பு அடுத்த பாகத்தில் வலது கன்னத்துக்குக் குடிபோகும். ஆற்றில் மூழ்கிய ஜீப் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வரும். கதைக்குத் தொடர்ச்சி கிடையாது, வசூலுக்கு உண்டு. பள்ளிக்கூடமே என் தீர்ப்புக்குக் காத்திருக்கும்.

ஆனால் அந்தப் படங்கள் என்றதும் எனக்கு முதலில் வருவது ஒரு வாடை…

அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. சொந்த ஊர் புன்னக்காயல். என் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தோம். எந்தச் சோப்புக்கும் அவர் கையில் உள்ள ஆயில் வாடை போகாது. அதோடு பாப்கார்ன் மணம் கலந்தால்தான் எனக்குத் தியேட்டர்.

எப்படியோ, ஒவ்வொரு பாகமும் அவர் லீவில் இருக்கும்போதே வெளியாகும். "ஏலே, இந்த மாமன் செத்துட்டாம்லா?" என்று காதில் கேட்பார். நான் பெரிய மனுசனாட்டம் விளக்குவேன்.

ஐந்தாம் பாகம் வந்தபோது நான் ஒன்பதாவது. அப்பா பெட்டியைத் திறந்து ஒரு டீ-ஷர்ட் தந்தார். தலை நுழைந்தது. தோள் நுழையவில்லை. இரண்டு கையையும் தூக்கியபடி துணிக்குள்ளிருந்தே கத்தினேன்:

"ஏம்ப்பா, அந்த டைரக்டர் மாதிரி நீங்களும் போன பாகத்தப் பாக்காமலே வந்துட்டியளோ?"

"வாய மூடுலே," என்றாள் அம்மா. "துறைமுகம் துறைமுகமா அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்காவ."

அப்பா சிரித்தார். டீ-ஷர்ட்டை வாங்கி மடித்தார். பிரித்து, மறுபடியும் மடித்தார்…

மறுநாள் தியேட்டர். போன பாகத்தில் தொட்டிலில் கிடந்த கதாநாயகனின் மகள், இதில் தாவணி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவனுக்கோ ஒரு முடிகூட நரைக்கவில்லை. கூட்டம் ஊளையிட்டது. நான் சீட்டின் மேல் ஏறி நின்றேன்.

"ஏ, பிள்ளைக்கு என்ன உரம்லே போட்டிய!"

நாலு வரிசை சிரித்தது. பெருமையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லலே," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவன் ஊர்ல இருந்திருக்க மாட்டான்."

பைய உட்கார்ந்தேன். இருட்டில் அவர் கை என் தோளுக்கு வந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சாண் வைத்து அளந்தது. பிறகு அங்கேயே கிடந்தது, படம் முடியும்வரை.

இப்போது ஏழாம் பாகம் வந்திருக்கிறது. நான் காலேஜ். போனிலேயே டிக்கெட், சாய்ந்தால் கட்டிலாகிவிடும் சீட்… எல்லாம் சொகுசுதான். அப்பா மட்டும் கடலில். அவர் இல்லாமல் வந்த முதல் பாகம் இது.

பிழைப் பட்டியல் எங்கே என்று காலையிலிருந்து நம் காலேஜ் குரூப்பில் கேட்கிறீர்கள். "முதல் பாதியிலேயே ஏகப்பட்டது சிக்கிருச்சு" என்று நேற்று நான் அளந்துவிட்டது வாஸ்தவம்.

நண்பர்களே… வயிற்றுவலி, கதவோரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கள் பக்கத்திலிருந்து எழுந்து போனேனே, வயிறு நன்றாகத்தான் இருந்தது. டைட்டில் ஓடும்போதே வெளியே வந்துவிட்டேன். நீங்கள் விசிலடித்த நேரமெல்லாம் பைக் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். படத்தில் ஒரு சீன்கூடப் பார்க்கவில்லை.

அப்பா கப்பலை விட்டு இறங்க இன்னும் பல மாதம் ஆகும். அதற்குள் படம் தியேட்டரை விட்டே போய்விடும். போகட்டும், வீட்டு டிவியில் பார்த்துக்கொள்கிறோம்.

அதுவரை யாரும் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்… ப்ளீஸ்.