எல்லோரும் அமுக்கிய முதல் பொத்தான்

எதிரில் ஒருவர் கைப்பேசியை எடுத்தால் கோகிலவாணி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். அது எங்கே தயங்குகிறது, எதை இரண்டு முறை தட்டுகிறது என்று கவனிப்பதிலேயே மும்பையில் தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை பேருந்துப் பயணம் கழிந்துவிடும். மாட்டுங்காவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை. நிரல் எழுதுவது யூட்டியூப் பார்த்துத் தானாகக் கற்றது.

தொடங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் தெருவுக்குச் சொல்ல ஒரு செயலி, மகளிர் குழுவுக்கு ஒன்று, ரயில் தாமதத்துக்கு ஒன்று. முக்கால்வாசி ஓடியதும் அலுப்புத் தட்டிவிடும்; புதிதாக இன்னொன்று. கடவுச்சொல்லை மறந்தவருக்கு வழி செய்வது, சிக்னல் இல்லாதபோது பதிந்தது தொலையாமல் காப்பது போன்ற சலிப்பான மிச்ச வேலை அப்படியே கிடக்கும். தோல் பட்டறையில் பை தைக்கும் கணவன் மாரிசெல்வம் சிரிப்பான்: "ஏட்டி, நான் இப்படிப் பை தச்சா ஜிப்பு இல்லாமத்தான் மார்க்கெட்டுக்குப் போவும். சேட்டு சும்மா விடுவானா?"

அது உறைத்தது. இதையாவது முடிக்காவிட்டால் மடிக்கணினியை விற்றுவிடுவதாக அவனிடமே சொல்லிவிட்டு, தன் சந்தில் இட்லியும் வடையும் செய்து கொடுக்கும் வேல்ராஜின் கூடத்துக்கு ஒரு செயலி எழுதினாள். சைக்கிளில் இட்லியும் வடையும் விற்பவர்கள் மறுநாள் தேவையை மதியமே சொன்னால்தான் வேல்ராஜ் அரிசியும் உளுந்தும் ஊறப்போட முடியும். போனில் சொல்லித் தினமும் குழப்பம். "வேல்ராஜ் சரின்னா நாங்களும் துட்டுக் கட்டி வாங்கிக்கிடுதோம்" என்று சந்தின் மற்ற கூடத்துக்காரர்கள் காத்திருந்தார்கள்.

செயலி ஓடிய முதல் நாள் எல்லோரும் இட்லி மட்டுமே கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை வடை எங்கே என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

"எம்மா, இன்னொரு தடவ இந்த லஃபடா ஆச்சுன்னா நமக்குப் போனே போதும்" என்றார் வேல்ராஜ்.

நிரலை வரிவரியாகத் தேடினாள். பிழை இல்லை. கடைசியில் விற்பனைக்காரன் சுடலைக்கண்ணனைப் பிடித்துத் தன் முன்னால் ஆர்டர் போடச் சொன்னாள். அவன் விரல் யோசிக்காமல் முதல் பொத்தானுக்குப் போயிற்று.

"தம்பி, உனக்கு வடையும் வேணுமே. இட்லியை மட்டும் ஏன் அமுக்குத?"

அவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எக்கா, தமிழ் பேசத்தான் வரும். படிச்சது ஹிந்தி மீடியம்லா. பாதிப் பேரு அப்படித்தான். மேல இருக்கத அமுக்கிட்டுப் போயிருதோம். படிக்கத் தெரியாதுன்னு ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல? ஷரம் வருதுல்லா."

நம் ஆட்களுக்கு நம் எழுத்து என்று அவள் ஆசையாய்த் தமிழில் வைத்த பொத்தான்கள். பழக்கிக் காட்டியபோது அவளே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்லியிருந்தாள். அதனால் அன்று யாரும் தடுமாறவில்லை.

எழுத்தை எடுத்துவிட்டு வேல்ராஜின் அடுப்பில் வெந்த இட்லி, வடையையே படம் பிடித்துப் போட்டாள். ஆர்டர் போட்டதும் "அம்பது வடை, சரிதானா?" என்று அவள் குரலே கேட்கும். "ஒன் பொண்டாட்டி எங்கிட்ட கணக்குக் கேக்கா, பாருடே!" என்று சுடலைக்கண்ணன் மாரிசெல்வத்தைக் கேலி செய்தான். கடவுச்சொல், சிக்னல் என்று ஒதுக்கி வைத்த வேலைகளையும் உட்கார்ந்து முடித்தாள். வேறு எதையும் திறக்கவில்லை.

மாற்றிய பின் முதல் நாள் எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனாலும் மறுநாள் மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வேல்ராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சரிபார்த்தவர், இன்று யாரையும் கூப்பிடவில்லை. கைப்பேசியை அலமாரியில் வைத்தார். உளுந்து மூட்டையைப் பிரித்து அண்டாத் தண்ணீரில் கொட்டினார்.

கோகிலவாணி தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.