அமரவிளைப் பாலத்தில் தண்ணீர்

எங்கள் சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு தொங்குகிறது. அதன் நுனியில் ஒரு சின்னப் பித்தளை மணி. புதிதாக வருகிறவர்கள் அதை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற வீட்டில் இதென்ன மணி என்று கேட்பார்கள். என் மாமனார் கட்டியது அது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எந்த வளைவில் எந்த நாய் படுத்திருக்கும் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது என் விடுப்பு முடிந்தது. காட்டாக்கடையில் வங்கி வேலை. கணவர் மஸ்கட்டில். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். பாறசாலை வீட்டில் பிள்ளையைப் பார்க்க மாமாவை விட்டால் ஆளில்லை. நான் தயங்கி நின்றேன். "நீ ஜோலிக்குப் போ மக்கா. பஸ்ஸு நெறைய ஆளு ஏத்தி எறக்குனவனாக்கும் நான். இந்த ஒரு டிக்கெட்ட பாக்க மாட்டனா?" என்றார். பார்த்தார். குளிப்பாட்டினார், நனைந்த ஜட்டியை மாற்றினார், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் தோள் துண்டில் எப்போதும் கக்கிய பாலின் வாசம் அடித்தது.

சோறு மட்டும்தான் பெரும்பாடு. வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு ஓடுவாள். அதற்குத்தான் இந்தக் கயிறு. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் பஸ்ஸைக் கிளப்ப மணிக்கயிற்றை இழுப்பதுபோல் இரண்டு தடவை இழுக்கச் சொல்வார். "களியக்காவிளை! போட்டே!" என்று குரல் கொடுப்பார். வண்டி கிளம்பிவிடும். ஊருக்கு ஒரு வாய். இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை. அமரவிளைப் பாலம் வந்தால் கீழே ஆறு ஓடுகிறதல்லவா, அங்கே தண்ணீர். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் கடைசி வாய். பசி மிச்சமிருந்தால் அதே வண்டி திரும்பி வரும்.

நான் ஊட்டப் போனால் வாயைப் பூட்டிக்கொள்வாள். நாள் முழுக்க அவளை நினைத்துக்கொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து, பெற்ற பிள்ளை என் கையைத் தட்டிவிடும்போது அழுகை முட்டும். மாமாமேல் பொறாமைகூட வந்தது, எதற்கு மறைக்க?

அவளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது கண் ஆபரேஷனுக்காக மாமா திருவனந்தபுரத்தில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போனார். நான் லீவு போட்டேன். மணியடித்து, ஊர்ப் பெயர்களைச் சொல்லி, என்னால் முடிந்தவரை கண்டக்டர் ஆனேன். பாறசாலையில் அவளுக்கு விக்கல் எடுத்தது. அவசரமாகத் தண்ணீரை நீட்டினேன். டம்ளரைத் தட்டிவிட்டு, "தாத்தா" என்று தரையில் விழுந்து புரண்டாள். அதன்பின் கொஞ்சம் பாலைத் தவிர எதுவும் இறங்கவில்லை. சாயங்காலம் வேறு வழியில்லாமல் மாமாவைக் கூப்பிட்டேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாறசாலையில எங்க மக்கா ஆறு கெடக்கு? பிள்ளையில தப்பு இல்ல. போனை அவகிட்ட வை." கண்ணில் கட்டோடு படுத்தபடி ஒவ்வோர் ஊராகக் கூவினார். நான் ஊட்டினேன். அவள் போனையே பார்த்தபடி வாங்கிக்கொண்டாள். அமரவிளையில் தண்ணீரும் குடித்தாள். அதோடு அவர் குரலைத் தணித்தார். "குட்டீ, தாத்தாவுக்க டூட்டி முடிஞ்சு. இனி அம்மைக்க வண்டியாக்கும்." போன் அணைந்தது.

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நெய்யாற்றின்கரை" என்றேன். வாயைத் திறந்தாள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஊர் திரும்பிய மாமா, ராத்திரி சர்வீஸை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

போன மாதம் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் கிளம்பிய மறுநாள், தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஜன்னலில் மணி இரண்டு தடவை அடித்தது. ஊட்ட வந்தால் "நான் என்ன பால் குடிக்கிற வாவையா?" என்று சண்டைக்கு வருகிற ஆறு வயதுக்காரி, என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். "களியக்காவிளை! போட்டே!"

வாங்கிக்கொண்டேன். பாறசாலை வரும்போது நெஞ்சு அடைத்தது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

"தண்ணி அமரவிளையிலயாக்கும், அம்மா."