கோளாறு உங்க பக்கமா, எங்க பக்கமா?

எங்கள் தொழிலில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது இருக்கிற இடம் வேறொன்று. வசவு விழுகிற இடம் மட்டும் எப்போதும் நாங்கள்தான். பேச்சு பாதியில் கட்டாகி, ஜன்னலோரம் ஓடி நின்று ‘ஹலோ... ஹலோ’ என்று கத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதே நேரத்தில் மும்பையின் ஏதோ ஒரு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, மொபைல் கம்பெனி இன்ஜினியரான நான் அதன் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். எந்த டவரும் தனியாக வேலை செய்வதில்லை. பக்கத்து டவர், அடுத்த கம்பெனி நெட்வொர்க் என்று எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. ஒன்றில் வந்த கோளாறு இன்னொன்றில் போய்த் தலைகாட்டும்.

செம்பூர் மொட்டைமாடி

தேவ்நாரில் நல்ல வெயில் நாட்களில் மட்டும் மதியம் நெட்வொர்க் படுத்துவிடும். மழையில் போனால் புரியும். வெயிலில் ஏன் போகிறது? அங்கிருந்த டவர்களையெல்லாம் குடைந்து பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த டவர்கள் வெளியுலகத்தோடு பேசுவது செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கும் வட்டத் தட்டு ஆன்டெனா வழியாக. கடைசியில் நானும், டவர் ஏறுகிற ஷிண்டேயும் அங்கே போனோம். தட்டுக்கு நேர் எதிரே கொடி கட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டப் போர்வைகள் தொங்கின. தட்டுக்கு வந்து போகிற ரேடியோ அலையை ஈரத் துணி விழுங்கிவிடும்; காய்ந்ததும் நெட்வொர்க் தானாகத் திரும்பிவிடும்.

போர்வைகளுக்குச் சொந்தக்காரர் மூன்றாம் மாடி விஜயா அக்கா. சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் தட்டினேன். அவரோ விஷயத்தைக் கேட்டதும் மேலே வந்து, கொடியை அவிழ்த்து மறுபக்கம் கட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் டீயும் கொடுத்தார். பிறகு சொன்னார்: “நான் போர்வை தொவச்சா தேவ்நார்ல எல்லாரும் கத்தறாங்களா? இந்த வீட்டுல நானே கத்தினாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்களே!”

அண்ணாச்சிக்கு மட்டும் ஃபுல் டவர்

தாராவியில் ஒரு சந்து. காலையில் கடைகள் திறந்ததும் எல்லா கம்பெனி போன்களும் அங்கே ஒன்றாகச் செத்துவிடும். எங்கள் டவரும் அடுத்த கம்பெனி டவரும் ஒரே மாதிரித் திணறின. இரண்டு டவரின் காதிலும் யாரோ ஓயாமல் கத்திக்கொண்டிருப்பதுபோல இரைச்சல். இரைச்சல் வரும் திசையைக் காட்டுகிற, மீன் முள் மாதிரி ஒரு ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். முதல் வீட்டு வாசலில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்த பேச்சியக்கா என்னை நிறுத்தினார். அவர் மகனுக்குக் கப்பலில் வேலை. கரை தட்டுகிற நாளில்தான் பேசுவான். “அவன் கூப்புட்டானா இல்லையான்னுகூடத் தெரியலயேம்மா” என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இரைச்சல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் எதிரே இருந்த செல்லத்துரை அண்ணாச்சியின் மளிகைக் கடை. பரணில் ஒரு சிறிய பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. சிக்னலைப் பெருக்குவதற்காக எங்கோ வாங்கி மாட்டியது. “எனக்கு ஃபுல் டவர் காட்டுதே, பொறவு என்ன கோளாறுங்கீய?” என்றார். பெட்டி அவருக்குச் சிக்னலைப் பெருக்கிவிட்டு, மற்ற எல்லாருடைய பேச்சையும் அமுக்குகிறது என்று விளக்கினேன். சட்டம், அபராதம் என்று அடுத்து பேச ஆரம்பித்தேன். பேச்சியக்கா மகன் விஷயம் தற்செயலாகத்தான் வாயில் வந்தது. அண்ணாச்சி அதற்குமேல் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, வயரைப் பிடுங்கினார்.

அந்த வாரக் கடைசியில் இரைச்சல் போய்விட்டதா என்று பார்க்கப் போனேன். பேச்சியக்கா முகத்தைப் பார்த்ததுமே மகன் பேசிவிட்டான் என்று தெரிந்தது. எனக்கு ஒரு கட்டு அப்பளம் கிடைத்தது. அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அக்கா நெதம் வாசல்ல இருந்து அழுதது இதுக்குத்தானா? நான் மருமவ கூட சண்டைன்னுல்லா நெனச்சேன்!”

மாட்டுங்காவும் காட்கோபரும்

மாட்டுங்கா கல்யாணி மாமி எங்கள் கம்பெனி போன். காட்கோபரில் தனியாக இருக்கும் அவருடைய அக்கா வேறு கம்பெனி. ஒருநாள் அக்கா “தலை சுத்தறதுடி” என்று சொல்லியிருக்கிறார். இவர் பதறிப் பதில் சொன்னது எதுவும் அங்கே கேட்கவில்லை. அக்கா தங்கையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். மாமி டாக்ஸி பிடித்து ஓடினார். நல்லவேளை, சர்க்கரை இறங்கியிருந்ததோடு போயிற்று. “அடுத்த தடவையும் இப்படி ஆனா?” என்று மாமி என்னிடம் கேட்டார்.

எங்கள் பக்கம் சுத்தம் என்று நாங்கள் மெயில் போட்டோம். எங்கள் பக்கமும் சுத்தம் என்று அந்தக் கம்பெனி பதில் போட்டது. கடைசியில் அங்கே இதே வேலையில் இருக்கும் சுஜாதாவை நேராகக் கூப்பிட்டேன். அதுவரை நாங்கள் மெயிலில் மட்டுமே சண்டை போட்டவர்கள். “மெயில் போதும். நீ தங்கச்சி வீட்டுக்குப் போ, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்” என்று ஹிந்தியில் சொன்னாள்.

காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். சில கால் நன்றாகக் கேட்டது, சில கால் ஒருவழிப் பாதை. ஒவ்வொன்றும் எந்த வழியாகப் போனது என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டதில் குட்டு வெளிப்பட்டது. கெட்டுப்போன கால் எல்லாமே இரண்டு நெட்வொர்க்கும் சேருமிடத்தில் ஒரே பெட்டி வழியாகப் போயிருந்தது. பெட்டி அவர்களுடையது, சமீபத்தில்தான் மாற்றியிருக்கிறார்கள். சுஜாதா நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து “எங்கள் பக்கம்தான்” என்று மெயில் எழுதினாள். அவளுக்கு விழுந்த திட்டைப் பற்றி இன்றுவரை என்னிடம் மூச்சு விட்டதில்லை.

பெட்டி சரியானதும் மாமி அக்காவுக்குப் போன் போட்டார். கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். ஸ்பீக்கரில் அக்கா குரல் கணீரென்று வந்தது: “மெதுவாப் பேசுடி, எனக்குக் காது நன்னாத்தான் கேக்கறது!”

எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தால் இவர்களில் ஒருவரையும் நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்பதால், கோளாறுகளுக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன், என் மேனேஜர் காதில் விழாதபடி.