வீடு பார்க்க வந்தவர்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். கணவர் பட்டாளத்தில். எந்நேரமும் ஆள் வந்து கூப்பிடும் வேலை; ஊருக்கு நடுவில்தான் குடியிருந்தாக வேண்டும். மில் வேலைக்கு ஜனங்கள் வந்து குவிந்ததில், கடைவீதிப் பக்கம் ஒற்றை அறைகூடக் கிராக்கியாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் நான்கு வீடு மாறினேன். கூடுதல் வாடகைக்கு ஆள் வந்துவிட்டால் நான் கிளம்பவேண்டியதுதான்.

ஐந்தாவது வீட்டிலும் அதே கதை. “சித்திரைக்குள்ள காலி பண்ணிருங்கம்மா. பாக்க ஆளு வருவாக, காட்டுங்க” என்றார் வீட்டுக்காரர்.

காட்டினேன். முதலில் வந்தவர் பஞ்சு வியாபாரி. “அடுப்படியில ஒரு பாம்பு இருக்கு அண்ணாச்சி. ஒண்ணும் செய்யாது, நாமதான் காலைப் பாத்து வைக்கணும்” என்றேன் பணிவாக. அவர் அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காமல் செருப்பைத் தேடினார். அடுத்து வந்த குமாஸ்தாவிடம் மச்சில் கேட்கும் கொலுசுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வீட்டுக்கு மச்சே கிடையாது என்பது தெருமுனை போனபிறகுதான் அவருக்கு உறைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் இந்தப் பொய்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். திங்கட்கிழமை மறுபடி பாம்பு வந்தது.

அன்று வந்தவள் தளவாய்புரத்துக்காரி. புருஷன் மில்லில். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

“பாம்பு ஒண்ணுதானாக்கா?” என்றாள். “எங்க குடிசையில ரெண்டு கெடக்கு. மழை பெஞ்சா அதுகளும் நாங்களும் ஒரே மூலையிலதான். இது எம்புட்டோ தேவல.”

சிரிப்பு வந்துவிட்டது, கூடவே வெட்கமும். “ஏட்டி, இங்க பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல. எனக்குப் போக்கிடம் இல்ல, அதான் அப்படிச் சொன்னேன்.”

அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்காரர் கேட்ட வாடகை அவளுக்கும் கட்டாது, எனக்கும் கட்டாது. சேர்ந்து கொடுத்தால் கட்டும். மறுநாள் இருவருமாகப் போய்க் கேட்டோம்.

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். “வந்தவுகள்ளாம் பாம்பு, பேயின்னு ஓடிட்டாக. யாரு சொன்னதுன்னுதான் தெரியல.”

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரும் மீசையைத் தடவிக்கொண்டே, “சரி, இருந்துட்டுப் போங்க” என்றார்.

சாக்கைத் தொங்கவிட்டு அறையைத் தடுத்தோம். கணவர் திரும்பும்வரை யாரும் எங்களை அசைக்கவில்லை. குடிபோன வீடுகளிலேயே முதல்முறையாக, அந்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்து எங்கள் கல்யாணப் படத்தை மாட்டினேன்.