நேர்ந்துவிட்ட சேவல்

ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது தீனி போடுவதை இல்லை, கால் நனைப்பதை. கோழிக் கொட்டகை வாசலில் ஒரு தொட்டி இருக்கும், அதில் ஊதா நிற மருந்துத் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் செருப்போடு அதில் இறங்கி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வீட்டுப் புடவையோடு போகக் கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒரு கட்டளை: கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வெளிக்கோழியின் நோய் நம் உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். வெள்ளைக்கழிச்சல் ஒன்று நுழைந்தால் கொட்டகையே காலி. இந்த உப்புக்காற்றுக்கும் உவர்த் தண்ணீருக்கும் எந்தக் கோழி தாங்கும் என்று பார்க்கிற ஆராய்ச்சியும் காலி.

சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில்தான் கோழியே கிடையாதே. அதுவரை நான் உப்பளத்தில் உப்புக்கூடை சுமந்தவள். மேலே வெயில், கீழே உப்புத் தண்ணீர், பாதமெல்லாம் வெடிப்பு. நிழலில் நின்று செய்கிற வேலை கையில் கிடைத்திருக்கிறது. என்ன ஆனாலும் இதை விடக்கூடாது என்று இருந்தேன்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் கூனிமேட்டுக்குப் போய், சிவப்புச் சேவல் ஒன்றைக் காலைக் கட்டி பைக்கில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"யோவ், இது எதுக்குய்யா?"

"அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டது. ஆடித் திருவிழா வரைக்கும் நம்ம வீட்லதான் இருக்கணும்."

"கோழி வீட்ல இருந்தா என் வேலை போயிடும்யா! அப்படி என்னா வேண்டுதல்?"

தலையைச் சொறிந்தார். "உனக்கு அந்தக் கோழிப்பண்ணை வேலை கெடைக்கணும்னுதான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். வேட்டிக்குள் விட்டுவிட்டு, அதை அம்மன் பேரால் செய்தேன் என்று சொல்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

விற்றுவிடலாம் என்றால் நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது. இன்றைக்கே அறுத்துவிடலாம் என்றால் திருவிழாவுக்கு முன்னால் கத்தி படக் கூடாது. ஒருநாள் அவர் உப்பளத்துக்குப் போன நேரம் பார்த்து, சேவலைக் கட்டைப்பையில் போட்டு, இடையஞ்சாவடியில் இருக்கும் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாளே அக்கா அதே பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "சாமிக்கு விட்டது எங்க வீட்ல செத்துகித்துப் போச்சுன்னா குத்தம் யாருக்குடி?" என்று கேட்டுவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

சேவலைக் கொல்லையில் கட்டினேன். தீனியும் தண்ணீரும் வைப்பது அவர் வேலை, நான் கிட்டேயே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திருவிழா முடிகிறவரை தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தேன். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் எங்கள் தெருவில் ஒரு பெரிய சாவு. திருவிழா தள்ளிப்போய்விட்டது. செத்தவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

அந்த வாரம் ஒரு காலையில் மேடம் போன் செய்தார். எங்கள் கொட்டகைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்தான். தடுப்பூசி போடுகிறார்கள், சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டார். வந்துடறேன் மேடம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கொல்லையிலிருந்து அது தொண்டையைத் திறந்தது.

"என்ன சத்தம் அது?"

"பக்கத்து வீடு மேடம்."

மறுபடியும் கூவியது. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, என் பின்னாலேயே நின்று கூவியது.

"பக்கத்து வீட்டுச் சேவல் உங்க வீட்டுக்குள்ள வந்து கூவுதா?" என்றார் மேடம்.

நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. திட்டவில்லை. "அந்தச் சேவல் போறவரைக்கும் கொட்டகைப் பக்கம் வராதீங்க. அதுக்கப்புறம் கூப்பிட முடிஞ்சா கூப்பிடறேன்," என்றார். முடிந்தால்தான். என் இடத்துக்குப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு பெண்ணை வைத்துவிட்டார்கள்.

வேலைக்காக நேர்ந்துவிட்ட சேவலுக்கு, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து நான் நொய்யரிசி போட்டேன். இனிமேல் கிட்டே போனால் என்ன, போகாவிட்டால் என்ன. அந்தத் திமிர் பிடித்தது என் கையிலிருந்தே பொறுக்கித் தின்னப் பழகியது. காலையில் நான் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் கதவைக் கொத்தும். "உன்னாலதான்டா," என்று தினமும் திட்டினேன். கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும்.

ஒருவழியாகத் திருவிழா வந்தது. கோயிலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சேவலைப் பலி கொடுத்தோம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். திரும்பினால் என் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக் கைகூப்பி நிற்கிறார்.

"ஆத்தா, இவளுக்கு அந்த வேலை திரும்பக் கெடைக்கணும். கெடைச்சா உனக்கு..."

பாய்ந்து வாயைப் பொத்தினேன். சுற்றி நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"தேங்காய்னு சொல்லுய்யா!"

தேங்காய் என்றுதான் நேர்ந்துகொண்டார். சில வாரம் கழித்து மேடம் போன் செய்து, என் இடத்துக்கு வந்த பெண் நின்றுவிட்டாள் என்று சொல்லி, கொல்லையைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு போட்டாயிற்றா, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார். முடியும் மேடம், முடியும் மேடம் என்றேன். பேசி முடிக்கிறவரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.