சும்மா நின்றவன்

அமைதிப்படை முகாமில் அவளை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். படைக்காரர்கள் அப்படிக் கூப்பிட்டால் அது மரியாதை. எந்தச் சொல்லைக் கேட்டாலும் அர்த்தம் சொல்லிவிடுகிறாள் என்று பொருள். உள்ளூர்க்காரர்களான சமையல்காரரும் டிரைவரும் அப்படிக் கூப்பிட்டால் கதை வேறு. அகராதி பிடித்தவள், யாருக்கும் அடங்காதவள், எதிரே வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவள். இரண்டும் சரிதான் என்று அவளே ஒருமுறை டிரைவரிடம் சொன்னாள்.

முப்பத்தொன்பது வயது. அம்மாவோடு ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினொரு வருஷமாக ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள், அது கல்யாணத்துக்காக இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அதே ஐஸ் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன், இருபத்து நான்கு வயது. லீவு நாளில் ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மணிக்கணக்கில் கீழே பார்ப்பான். அங்கே அப்படி என்னடா இருக்கிறது என்று அக்கா கேட்டால், தண்ணி இருக்கு என்பான். அவ்வளவு பெரிய ரகசியக்காரன்.

அப்போது ஊரில் பழைய படை இருந்தது. கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்க வேறு தேசத்திலிருந்து வந்த படை. ஒரு சனிக்கிழமை பாலத்துக்கு அரை மைல் தள்ளி அவர்களுடைய லாரி ஒன்று கண்ணிவெடியில் சிக்கியது. மறுநாள் தம்பி வழக்கம்போலப் பாலத்தில் நின்றான். ரோந்து வந்து சுற்றி வளைத்தது. மருந்து வாங்கிக்கொண்டு அந்த வழியே வந்த அம்மாவைப் பத்தடிக்கு அப்பால் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து நிறுத்திவிட்டான். பத்தடி தூரத்தில் காது கேட்கும். அதிகாரி ஏதோ கேட்டார். அவர் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் அதைத் தம்பியிடம் நம் பேச்சில் கேட்டான், இங்கே ஏன் நிற்கிறாய் என்று. "சும்மாதான் சார் நிக்கிறேன்" என்றான் தம்பி. புரியவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னான். மொழிபெயர்ப்பாளன் அதிகாரியிடம் திரும்பி என்னவோ சொன்னான். அதிகாரியின் முகம் மாறியது. தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான்.

அந்த மொழிபெயர்ப்பாளனை ஊரில் இரட்டை நாக்கு என்பார்கள். என்ன சொன்னாய் என்று அம்மா அவன் பின்னாலேயே கேட்டுக்கொண்டு ஓடினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பழைய படை மூட்டை கட்டியது. இரட்டை நாக்கும் இருந்த இடம் தெரியாமல் மறைந்தான். ஆள் காணாமல் போன வீடுகளுக்கெல்லாம், பிடித்த அன்று எழுதிய விசாரணைத் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டங்கள்: காரணம் சொன்னார், காரணம் சொல்ல இயலவில்லை, காரணம் சொல்ல மறுத்தார். தம்பியின் தாளில் மூன்றாவது கட்டத்தில் குறி. கீழே அதிகாரியின் கையெழுத்து, அதற்கும் கீழே மொழிபெயர்ப்பாளனின் கையெழுத்து. அந்த மொழி தெரிந்த ஒரு குமாஸ்தாதான் வாசித்துச் சொன்னார். அம்மா அழவில்லை. "அவன் மறுக்கலையேடி. கேட்ட உடனே சொன்னானே" என்றாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது அதையே சொன்னாள், சோறு பிசையும்போது, துணி மடிக்கும்போது, யாரிடமும் இல்லாமல்.

கொண்டுபோன அதிகாரி மேல் அவளுக்குக் கோபம் இல்லாமலா? ஆனால் அவன் எங்கிருந்தோ வந்தவன், நம் பேச்சு அவனுக்கு வெறும் சத்தம். இரட்டை நாக்கு நம் ஊரில் பிறந்து நம் பேச்சைப் பேசி வளர்ந்தவன். சும்மா என்றால் என்னவென்று இங்கே பால்குடிக் குழந்தைக்குத் தெரியும். தெரிந்தே தன் தம்பியை வாயால் கொன்றான் என்று அவள் முடிவு கட்டினாள். அந்த நாக்கைப் பிடித்து இழுக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள். வருஷங்கள் போனால் கோபம் ஆறும் என்பவர்களுக்குத் தம்பிகள் உயிரோடு இருக்கிறார்கள்.

பிறகு புதுப் படை வந்தது. இது அமைதிப்படை, இன்னொரு தேசம், இன்னொரு மொழி. அவள் பகலில் தையல் வேலை, மாலையில் படிப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் அந்த மொழியைப் படித்தாள். யாராவது ஒருநாள் இரட்டை நாக்கைப் பற்றிப் புகாரோ துப்போ கொண்டு வந்தால், அது முதலில் தன் காதில் விழ வேண்டும் என்பதுதான் திட்டம். முகாமில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. சோதனைச்சாவடியில் ஒரு கிழவர் ஐந்து நிமிஷம் புலம்பினால் ஐந்து நிமிஷமும் சொல்வாள், சுருக்க மாட்டாள். புதிதாக வரும் சிப்பாய்களுக்கெல்லாம் அவள்தான் வகுப்பு எடுப்பாள். வணக்கம், நில், பயப்படாதே என்பதற்கெல்லாம் முன்னால் அவள் கற்றுக்கொடுக்கும் முதல் சொல் சும்மா. சும்மா கொடுத்தான் என்றால் விலையில்லை. சும்மா இரு என்றால் வாயை மூடு. சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டு. சும்மா வந்தேன் என்றால் உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது. சும்மா நிற்கிறேன் என்றால் எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. இதைக் கேட்டால் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள் என்று பலகையில் எழுதி அடிக்கோடு போடுவாள். சமையல்காரரின் மாமனாரே அந்தச் சொல்லால்தான் ஒருமுறை தப்பித்தார். அதற்காகச் சமையல்காரர் அவளை அகராதி என்பதை நிறுத்தவில்லை.

இரட்டை நாக்கு மறைந்த பதினோராவது வருஷம், ஒரு வியாழக்கிழமை காலை, விசாரணை அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. தகரக் கன்டெய்னரில் ஜன்னல் வெட்டி, மேசை போட்டு, விசிறி மாட்டிய அறை. மேசைக்குப் பின்னால் புதுக் கேப்டன். வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அவருடைய குழுவுக்கு வகுப்பு அடுத்த வாரம். முன்னால் ஸ்டூலில் ஒரு வழுக்கைத் தலை ஆசாமி, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்கு நாளாக முகாம் வேலியோரம் வந்து நிற்கிறான் என்று காவல் கூண்டிலிருந்து பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம்தான் வாசலில் யாரோ கையெறி குண்டு வீசியிருந்தார்கள்.

அவன் நிமிர்ந்தான். இளைத்துப் போயிருந்தான், தாடை தொங்கியிருந்தது. ஆனாலும் இரட்டை நாக்குதான் என்று தெரிய அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அவனுடைய பழைய எஜமானர்களின் மொழி இந்த அறையில் செல்லாது. இங்கே அவனுக்கு நாக்கு அவள்தான். அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. சந்தோஷத்தில்தான் வியர்த்தது.

கேப்டன் கேள்வியைக் கேட்டார். அவள் மாற்றிக் கேட்டாள்.

"தினமும் எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க?"

"சும்மாதாம்மா" என்றான். "சும்மா வந்து நிப்பேன்."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்தே வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும், சும்மா என்றால் வீட்டில் பொழுது போகவில்லையா, பழகிய இடமா என்று இன்னொரு கேள்வியைத் தூக்கிப் போட்டு நாலு வார்த்தை வாங்கியிருப்பாள். இவனிடம் கேட்கவில்லை. கேப்டனிடம் திரும்பி, காரணம் சொல்ல மறுக்கிறார் என்றாள். கேள்வி அவருக்குப் புரிந்ததா என்று கேப்டன் கேட்டார். நல்ல மனிதர், அவசரப்படாதவர். நன்றாகவே புரிந்தது என்றாள்.

கேப்டன் தாளை இழுத்துக் குறி போட்டார். பழைய படை விட்டுப்போன அதே தாள், மொழி மட்டும் வேறு. மறுத்தார் என்றால் ஆளை உள்ளூர்ப் பாதுகாப்புப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே போனவர்களில் சிலர் மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் வரவில்லை.

அவனுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அந்தத் தாளில் ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்டவன். பேனா எங்கே போய் நின்றது என்று பார்த்துவிட்டான்.

"அம்மா, அது மூணாவது கட்டமாச்சே. நான் சும்மான்னுதானே சொன்னேன்?"

"பாலத்துல நின்ன ஒருத்தனும் அப்படித்தான் சொன்னான். ஐஸ் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன். நான் அவன் அக்கா."

இந்த வாக்கியத்தை அவள் பதினொரு வருஷம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொல்லி முடித்ததும் அவன் நடுங்குவான், காலைப் பிடிப்பான், அல்லது எந்த எலக்ட்ரீஷியன் என்று விழிப்பான். விழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்னும் சௌகரியமாக வெறுத்திருக்கலாம். அவன் மெதுவாகத் தலையசைத்தான்.

"ரெண்டு தடவை சொன்னான்" என்றான். "அவங்க பாஷை எனக்கு ஆறு மாசப் படிப்பும்மா. அந்த வார்த்தைக்கு அன்னைக்கு எனக்கு எதுவும் வரல. காரணம் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன். அவரு அதை மறுக்கிறான்னு எழுதிக்கிட்டாரு. பயத்துல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு."

மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமே" என்றான்.

என்ன சொல்கிறார், பதில் சொல்கிறாரா என்று கேப்டன் கேட்டார். பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்; ஒரு சொல் போதும், குறியை அடித்துவிட்டு முதல் கட்டத்துக்கு மாற்றிவிடுவார். அந்த ஒரு சொல்லை நான்கு விதமாகச் சொல்ல அவளுக்குத் தெரியும். அவன் சொன்னது பொய்யில்லை என்பதும் தெரிந்தது. மொழிபெயர்க்கிறவளுக்குத் தெரியாதா, சொல் கிடைக்காமல் வாய் உலர்ந்து நிற்பது எப்படி இருக்கும் என்று. ஆனால் பதினொரு வருஷக் கோபத்துக்கு இந்த அறையில் வேறு ஆள் கிடையாது. இவனையும் விட்டுவிட்டால் அதை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று கேப்டனிடம் சொன்னாள்.

கேப்டன் தாளை அவள் பக்கம் தள்ளினார். மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில், முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஆமா, தெரியும்" என்றாள் அவனிடம். தாளைக் கேப்டனிடம் திருப்பிக் கொடுத்தாள்.