மீன் வண்டிக்கு மாட்டிய மடக்குப் படி

வண்டிக்கு அடியில் படுத்தே முப்பது வருஷம் பிழைத்தவன் நான். ஜாக்கி சறுக்கி, காதுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி இறங்கியிருக்கிறது. பேட்டரி வெடித்து ஆசிட் தெறித்து சட்டை சல்லடையாகியிருக்கிறது. அதற்கெல்லாம் ஒரு டீ குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறேன். உயிரே போகிற மாதிரி நான் பயந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் காலை ஒன்பது மணிக்கு, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தைப் பார்த்து. ஆட்டோ எலக்ட்ரிகல், ஆக்சஸரீஸ் ஃபிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை இது.

1. பிரான்ஸ் பெட்டி

சுனாமி வந்து மூன்று வருஷம் இருக்கும். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்குக் கடை. மீன் வியாபாரி செல்வமணி புது டபுள் கேபின் பிக்அப் ஒன்று எடுத்திருந்தார். முன்னால் குடும்பம் உட்காரலாம், பின்னால் மீன் பெட்டி ஏற்றலாம். வண்டி அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து எக்கச்சக்க உயரம். செல்வமணி படகில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்தவர். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஊரே வேடிக்கை பார்க்குது என்று அவருக்கு ஒரே வெட்கம்.

பிரான்ஸில் இருக்கிற அவர் மச்சான் லீவுக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். மோட்டாரில் ஓடுகிற சைடு ஸ்டெப். கதவைத் திறந்தால் படி தானாக வெளியே வந்து இறங்கும். கதவைச் சாத்தினால் இரண்டு வினாடியில் மடங்கி அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். காரைக்காலில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் மாட்டியதில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்கிற வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

கூட வந்த புத்தகம் முழுக்க பிரெஞ்சு. படங்கள் இருந்தன, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். சேசிஸில் பிராக்கெட் போல்ட் போட்டு, டோர் சுவிட்சிலிருந்து ஒயர் எடுத்து, கன்ட்ரோல் பாக்ஸை சீட்டுக்கு அடியில் வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் போட்டு லைன் கொடுத்தேன். ஒன்றரை நாள் வேலை. செல்வமணி கதவைத் திறந்தார், படி வந்தது. கோயில் படி ஏறுகிறவர் மாதிரி நிதானமாக ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். படி உள்ளே போனது. தெருவில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலை கனத்துப்போனது உண்மை.

2. ஸ்க்ரூ

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. "கதவ சாத்துனா சில நேரம் உள்ள போவ மாட்டேங்குது கலியபெருமாளு. ஐஸ் பேக்டரி போயி பாத்தா அப்படியே வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது" என்றார் செல்வமணி.

அடியில் படுத்துப் பார்த்தேன். கீல் பூராவும் சேறு, மணல், மீன் செதில். ஐஸ் தண்ணீர் வடிந்து உப்புப் பூத்திருந்தது. இதுதான் சங்கதி என்று முடிவு கட்டினேன். சுத்தமாகக் கழுவி கிரீஸ் வைத்தேன். பத்துத் தடவை திறந்து மூடினேன், பத்துத் தடவையும் ஒழுங்காக மடங்கியது. ஆனாலும் மறுநாள் திரும்பச் சேறு ஏறும், திரும்ப வந்து நிற்பார். கன்ட்ரோல் பாக்ஸில் சின்னதாக ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இருந்தது. மோட்டார் எவ்வளவு பலமாக இழுக்கலாம் என்பதற்கானது. அதன் பக்கத்தில் சிவப்புக் கோடு ஒன்று. நான் கோட்டைத் தாண்டி, போகிற மட்டும் திருப்பினேன். இனிமேல் சேறாவது சகதியாவது, இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

3. ஒன்பது மணி

மறுநாள் காலை ஆரோக்கியசாமி ஐயா ஸ்கூட்டர் ஹாரன் பார்க்க வந்தார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மேஜையில் கிடந்த புத்தகத்தைப் பொழுதுபோகாமல் எடுத்துப் புரட்டினார். பிரெஞ்சு எழுத்து கண்ணில் பட்டதில் அவருக்கு சந்தோஷம். ஒரு பக்கத்தில் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"படி மேல பாரம் இருந்தா மோட்டார் தானா நின்னுடுமாம். அது ஆளுக்குப் பாதுகாப்பு. இந்த ஸ்க்ரூவ கோட்டுக்கு மேல திருப்பிட்டா நிக்காதாம். ஆள் மேல நின்னாலும் மடங்கிடுமாம். நீ ஒன்னும் திருப்பலையே?"

நான் எட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கத்துப் படத்திலும் அதே சிவப்புக் கோடு இருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்குள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. மீன் வண்டி என்றைக்காவது பக்கத்தில் ஆள் இல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறேனா? ஏலம் முடிந்து பெட்டி ஏற்றியதும், லோடு ஆட்கள் ஐஸ் பேக்டரி வரைக்கும் பக்கத்தில் தொற்றிக்கொண்டுதான் போவார்கள். இத்தனை நாள் தொற்றுவதற்குக் கம்பிதான் இருந்தது. இப்போது நான் அகலமாக, சொரசொரப்பாக, நிற்பதற்கு வாகாக ஒரு படி போட்டுக் கொடுத்திருக்கிறேன். சேறு பிடித்து நின்றதில்லை அந்தப் படி. மேலே ஆள் நின்றதால் நின்றது. ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்றை, கோளாறு என்று சொல்லி நான் ஒழித்துக்கட்டியிருக்கிறேன்.

படி பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். அதிலிருந்து கால் நழுவினால் ஆள் எங்கே விழுவான் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

செல்வமணி செல்லுக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ஏலம் நடக்கிற இடத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. திரும்பப் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர். கடையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தேன். ஆரோக்கியசாமி ஐயா புத்தகமும் கையுமாக நின்றது ஞாபகம் இருக்கிறது.

மீன் ஏலம் நடப்பது அரசலாறு கடலில் சேருகிற இடத்தில், கடையிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்த வழியில் எத்தனை சாமிக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை. எதிரே ஆம்புலன்ஸ் ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை என்றதும் நிம்மதி வரவில்லை. கூப்பிடவே அவசியம் இல்லாமல் போயிருக்குமோ என்று தோன்றி ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

4. சத்தம்

போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஐம்பது அடி தூரம். செல்வமணி ஏறி உட்கார்ந்துவிட்டார். லோடு ஏற்றுகிற முருகையன் இடது பக்கப் படியில் நின்றான். ஒரு கையில் மேல் கம்பி, இன்னொரு கையில் இடுப்போடு அணைத்த பிளாஸ்டிக் மீன் பெட்டி. கதவு சாத்தப்பட்டது. நான் மொபெட்டைப் போட்டுவிட்டு, இறங்கு இறங்கு என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஏலச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிரைவர் கியர் போட்டு நகர்த்தினான்.

படி மடங்கியது. கொஞ்சமும் தயங்கவில்லை, நான் சொன்னபடியே இழுத்துக்கொண்டு போனது. முருகையன் கால் இரண்டும் அந்தரத்தில் உதைத்தன. ஒற்றைக் கையில் தொங்கி ஒரு சுற்று சுற்றினான். கை விட்டுப்போனது. அப்புறம் படீரென்று ஏதோ நொறுங்குகிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எலும்பு என்றுதான் நினைத்தேன். அவன் வீட்டுக்குப் போய் யார் சொல்வது என்று அந்த ஒரு நொடியில் யோசித்தேன். ஓடிப்போய்விடலாமா என்றும் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது சக்கரத்துக்கு அடியில் கிடந்தது பெட்டி. சங்கரா மீனெல்லாம் மண்ணில் சிதறியிருந்தது. முருகையன் அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். முழங்கால் தோல் உரிந்து ரத்தம், ஒரு மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. உயிரோடு இருந்தான். நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 

செல்வமணி கதவைத் திறந்தார். படி மரியாதையாக வெளியே வந்து அவரை இறக்கிவிட்டது. அவருக்கும் பயம், அது கோபமாக வந்தது. கண்ட இடத்தில் தொற்றுவதே இவனுகளுக்குப் பொழைப்பு என்று கூட்டத்துக்கு முன்னால் முருகையனைக் கிழித்தெடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லுப்பா. வேல சுத்தமாத்தானே செஞ்சே?"

போலீஸ், கேஸ், கடை, என் பேர் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தது. "சுத்தமாதான் செஞ்சேங்க" என்றேன்.

முருகையன் மெதுவாக எழுந்து நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"படிக்கு ஒன்னும் ஆயிடலையே அண்ணே? வெளிநாட்டுச் சாமானாச்சே. நான் நின்னது தப்புதான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் நின்றது தப்பே இல்லை, நேற்று நான் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பியதுதான் தப்பு, அவன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஸ்க்ரூ அது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை செல்வமணி முகத்தைப் பார்க்கவில்லை. அவர், "அத நான் கேட்டப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். 

அங்கேயே ஃபியூஸைப் பிடுங்கினேன். முருகையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். பிற்பாடு ஸ்க்ரூவைக் கோட்டுக்குள் கொண்டுவந்து, வேண்டும்போது படியை மடங்காமல் நிறுத்தி வைக்கிற சுவிட்ச் ஒன்றும் டாஷ்போர்டில் போட்டேன்.

பிள்ளைகளா, ஒரு சாமான் வேலை செய்யாமல் நின்றால் அது எதற்காக நிற்கிறது என்று தெரியாமல் அதன் பலத்தைக் கூட்டாதீர்கள். வண்டி கொண்டுவருகிறவரிடம் மட்டும் விசாரித்துவிட்டு வேலையை முடிக்காதீர்கள், அதில் தினமும் ஏறி இறங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே பதில் கிடைத்திருக்கும். நான் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு அந்த ஸ்க்ரூவைத் திருப்பியபோது, செல்வமணியோடு வந்து எனக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றது முருகையன்தான்.